கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி

மாலை ஆறரை மணி. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் கூட்டம் ஏறத் தொடங்கும் நேரம். வேலை முடிந்து வந்த ஓர் இளைஞர், வண்டியை அணைக்காமலே ஒரு காலை ஊன்றி நிற்கிறார். அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ சின்ன வெங்காயம், பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி, ஒரு தயிர் பாக்கெட். அண்ணாச்சியின் கை தன்னால் மேலே போகிறது. தராசுக்கு மேல் உத்தரத்து ஆணியில் கவர்க் கட்டு தொங்குகிறது. ஒன்றை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, ‘உஃப்’ என்று ஊதி வாயைப் பிரிக்கிறார். தக்காளி உள்ளே போகிறது. வெங்காயத்துக்கு இன்னொன்று. கொத்தமல்லி ஈரமாக இருப்பதால் அதற்குத் தனியாக ஒன்று. கடைசியாக மூன்றையும் தயிரையும் சேர்த்துப் போட, கைப்பிடி வைத்த பெரிய கவர். மொத்தம் நான்கு.

கடையிலிருந்து அந்த இளைஞரின் வீடு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவர் எங்கள் குடியிருப்பில்தான் மூன்றாவது மாடி. வண்டியில் இரண்டு நிமிடம். அந்த நான்கு கவர்களின் வேலை அந்த இரண்டு நிமிடத்தோடு முடிந்துவிட்டது. மறுநாள் காலை அவை குப்பைக் கூடையில்.

தமிழ்நாட்டில் இந்தக் கவருக்குத் தடை இருக்கிறது. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். 2019 ஜனவரி 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 14 வகைப் பொருட்கள். அவற்றில் பைகளைப் பொறுத்தவரை சட்டம் மிகத் தெளிவானது: எந்த அளவானாலும், எந்தத் தடிமனானாலும் பிளாஸ்டிக் பை கூடாது. நம் தெருவில் யாரைக் கேட்டாலும் தடை இருப்பது தெரியும் என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சிக்கும் தெரியும். அந்த இளைஞருக்கும் தெரியும்.

அந்த மாலையில் நான் பார்த்தது சட்டத்தை மீறும் இரண்டு பேரை அல்ல. வெறுங்கையோடு கடைக்கு வந்த ஒருவரையும், வெறுங்கையோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாத ஒருவரையும்தான் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த வெறுங்கையைப் பற்றியது.

தென்காசியில் நாங்கள் இருந்த வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தது. அதில் எப்போதும் மூன்று பைகள் தொங்கும். காய்கறிக்கு மஞ்சப்பை. ரேஷனுக்குச் சாக்குப்பை. மூன்றாவது, அப்பாவின் பழைய கால்சட்டைத் துணியில் அம்மா தைத்த காக்கிப் பை. அது எதற்கென்று இல்லை, எல்லாவற்றுக்கும். ஆணிக்குக் கீழே தரையில் எண்ணெய்த் தூக்கு. வெளியே போகும் யாரும், செருப்பு மாட்டுகிற அதே அசைவில் ஒரு பையை எடுத்துக்கொள்வார்கள். ‘பை எடுத்தாச்சா?’ என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதாக நினைவில்லை. ‘சட்டை போட்டாச்சா?’ என்று கேட்பது போல இருக்கும் அது.

அப்பா சந்தைக்குப் போனால் சைக்கிள் கைப்பிடியில் பை தொங்கும். திரும்பி வரும்போது அது கனத்துப்போய் முன் சக்கரத்தின் பக்கமாக ஆடும். பையில் அடுக்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சேனைக்கிழங்கு, பூசணிக்கீற்று அடியில். அதற்குமேல் வெங்காயம், உருளை. பிறகு கத்தரிக்காய், தக்காளி. எல்லாவற்றுக்கும் மேலே கீரைக் கட்டும் கறிவேப்பிலையும். வாங்குகிற வரிசையையே அப்பா இந்த அடுக்கை நினைத்துத்தான் வைத்துக்கொள்வார். தக்காளியை முதலில் வாங்க மாட்டார். தனித்தனிக் கவர் தேவைப்படாததற்கு இதுதான் காரணம்: பையின் அடுக்கு கடைக்காரர் கையில் இல்லை, வாங்குபவர் மனதில் இருந்தது.

மளிகைக் கடையில் பருப்பும் மிளகாயும் செய்தித்தாளில் பொட்டலமாக வரும். மேலே தொங்கும் நூல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு சுண்டு சுண்டி அறுப்பார்கள். வீட்டில் அந்த நூலை அம்மா பிரித்துச் சுற்றி வைப்பாள். தாள் அடுப்புக்குப் போகும். மஞ்சப்பை கிழிந்தால் ஒட்டுப்போடுவாள். ஒட்டும் கிழிந்தால் அது அடுப்படிக் கரித்துணியாகும். கரித்துணியும் நைந்தால்தான் அதன் கதை முடியும். ஒரு பைக்கு எங்கள் வீட்டில் ஏழெட்டு வருட ஆயுள் இருந்தது.

இதையெல்லாம் ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற பெருமூச்சாக எழுதவில்லை. அந்தக் காலத்தில் பற்றாக்குறை இருந்தது. துணி விலை அதிகம், பை அருமை. ஆனால் அந்தப் பற்றாக்குறை ஒரு பழக்கத்தைத் தந்தது. பற்றாக்குறை போனபோது பழக்கத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டோம்.

அனுப்பியது மட்டுமல்ல, அவமானப்படுத்தியும் அனுப்பினோம். ‘மஞ்சப்பையோட வந்திருக்கான்’ என்றால் பட்டிக்காட்டான், விவரம் இல்லாதவன் என்று பொருள். சென்னைக்கு வேலை தேடி வந்த தலைமுறையில், ரயில் நிலையத்தில் இறங்கியதும் மஞ்சப்பையைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். என் மாமா ஒருவர் அப்படிச் செய்ததை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே மாமா, துணிக்கடையின் பெயர் பளபளவென்று அச்சிட்ட பிளாஸ்டிக் பையை ஊருக்கு வரும்போது கையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். அந்தப் பையை நாங்கள் கிழியும்வரை பத்திரமாக வைத்திருந்தோம். கவர் முதலில் நம் வீட்டுக்குள் வந்தது குப்பையாக அல்ல, கௌரவமாக.

நாம் இன்று எறியும் கைப்பிடி கவரின் வடிவம் ஸ்வீடனில் பிறந்தது. செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின், ஒரே பாலித்தீன் குழாயை மடித்து, ஒட்டி, வெட்டி, பனியன் தோள்பட்டை போல இரண்டு கைப்பிடிகள் வரும்படி ஒரு பையை வடிவமைத்தார். 1965-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தையல் இல்லை, தனிக் கைப்பிடி இல்லை. சில கிராம் எடைதான், ஆனால் தன் எடையைப் போல ஆயிரம் மடங்கைச் சுமக்கும். அற்புதமான பொருள் அது, மறுக்க முடியாது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவது குறைய வேண்டும், ஒரே பையை மக்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதே தன் தந்தையின் எண்ணம் என்று துலினின் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். துலின் எப்போதும் ஒரு பையை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்திருப்பாராம்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. கவரைக் கண்டுபிடித்தவரே கவரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போயிருக்கிறார்.

பசுவின் வயிற்றில் 52 கிலோ

கவர் எங்கே போகிறது என்பதை ஒரே ஒரு பசுவை வைத்துச் சொல்லலாம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். சாணமும் கோமியமும் சரியாகப் போகாமல் வலியில் தவித்துக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் பல மணி நேரம் அறுவை சிகிச்சை செய்து அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அள்ளி எடுத்தார்கள்.

52 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைவிடச் சற்றுக் கூடுதல் எடை. இது எப்படிச் சேர்கிறது என்று புரிந்துகொள்ள, நாம் குப்பை கட்டும் விதத்தைப் பார்க்க வேண்டும். மிஞ்சிய சோறு, காய்த்தோல், பழத்தோல் எல்லாவற்றையும் கவரில் போட்டு, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, தெருமுனையில் வைக்கிறோம். பசுவுக்கு உள்ளே இருக்கும் உணவின் வாசம் தெரிகிறது. முடிச்சை அவிழ்க்கக் கை இல்லை. மாடு முதலில் மென்று தின்னும் பிராணி அல்ல. சரசரவென்று விழுங்கி முன்வயிற்றில் நிரப்பிக்கொண்டு, பிறகு படுத்து அசைபோடும். கவர் அந்த முன்வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. செரிக்காது, அசைபோட மேலே வராது, வெளியேயும் போகாது. அடுத்த கவர் அதோடு பிணைகிறது. கயிறும் துணியும் அதில் சிக்குகின்றன. வயிறு நிறைந்திருப்பதாகப் பசு நினைக்கிறது. உடம்போ மெலிந்துகொண்டே போகிறது. சினை என்று நினைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தவர்களும் உண்டு.

பொங்கலுக்கு மறுநாள் நாம் கொம்புக்கு வண்ணம் பூசிக் கும்பிடும் மாடு இதே மாடுதான். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

மாட்டோடு நிற்கவில்லை. கோவை மருதமலை அடிவாரக் குப்பைமேட்டுக்கு வந்த யானைகளின் சாணத்தில் கவர்த் துண்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். சென்னை கிண்டிப் பக்கம் புள்ளிமான்கள் பிளாஸ்டிக் தின்று செத்திருக்கின்றன. மழைநீர் வடிகாலில் ஒரு கவர் குறுக்கே விழுந்தால் போதும், மண்ணும் இலையும் அதன்மேல் தங்கி அரை மணி நேரத்தில் அணை கட்டிவிடும். மாநகராட்சி ஊழியர் ஒருவர் எங்கள் தெரு வடிகாலில் இறங்கி வாரி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மண்வெட்டியில் மண் தனியாக வரவில்லை. கறுத்த கவர்கள் ஒன்றோடொன்று பின்னி, கம்பளி விரிப்பு போல ஒரே பாளமாக வந்தன. அவர் கையுறை போட்டிருக்கவில்லை.

‘மறுசுழற்சி செய்யலாமே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குப்பை பொறுக்குபவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுக்கிறார்கள். அதற்குப் பழைய இரும்புக்கடையில் கிலோவுக்குக் காசு கிடைக்கும். மெல்லிய கவர் ஒன்று மூன்று, நான்கு கிராம். ஒரு கிலோ சேர்க்க முந்நூறு கவர் குனிந்து எடுக்க வேண்டும். அதுவும் சாம்பாரும் மீன் தண்ணீரும் ஒட்டிய கவர். யார் குனிவார்கள்? எவரும் எடுக்காத குப்பைதான் காற்றில் பறந்து கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் துண்டாக்கிய கவரை உருக்கிப் பூசி, அதன்பின் தாரைச் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-ல் அப்படிச் சாலை போடப்பட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. போற்ற வேண்டிய வேலை. ஆனாலும் சாலைக்குப் போவது சேர்த்து, பிரித்து, உலர்த்திக் கொடுத்த கவர். நாம் முடிச்சுப் போட்டு வைக்கும் கவர் அங்கே போய்ச் சேருவதில்லை.

அண்ணாச்சி சொன்ன நியாயம்

தடை வந்த 2019 ஜனவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். கறிக்கடையில் தாமரை இலை திரும்பி வந்தது. சாம்பார் வாங்கத் தூக்குவாளியோடு ஹோட்டல் வாசலில் வரிசை நின்றது. பாத்திரம் கொண்டுவந்தால் விலையில் தள்ளுபடி தருவதாகச் சில ஹோட்டல்கள் அறிவித்தன. வீட்டில் பரணில் கிடந்த ஒயர் கூடையை எடுத்துத் தூசி தட்டியவர்களை நான் பார்த்தேன். முடியாது என்று நினைத்த ஒன்றை ஒரு மாதத்தில் நாம் செய்துகாட்டினோம். பிறகு மெல்ல மெல்ல நழுவியது. அடுத்த ஆண்டு கொரோனா வந்து, பார்சலும் டெலிவரியும் வாழ்க்கையாகிப்போனதும், நழுவியது முழுதாகக் கைவிட்டுப் போனது.

ஏன் என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். கூட்டம் இல்லாத ஒரு மதியம். கணக்கு நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்:

“நான் முயற்சி பண்ணாம இல்ல தம்பி. ‘கவர் இல்ல, பை கொண்டாங்க’ன்னு போர்டு எழுதித் தொங்கவிட்டேன். ரெண்டு வாரம். பாதி ஆளு எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. அவரு குடுக்காருல்லா. பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்குறவங்ககிட்ட பத்து ரூபாய்க்குத் துணிப்பை வாங்குங்கன்னு எப்படிச் சொல்ல? அதிகாரிங்க வந்தா எனக்குத்தான் அபராதம் போடுறாங்க. இந்தக் கவரு எங்கேருந்து வருதோ அங்க போய்க் கேக்க மாட்டேங்காங்க.”

“கவர் கேக்காதவங்க யாராவது உண்டா அண்ணாச்சி?”

“ரெண்டு பேரு. ஒரு ரிட்டையர்ட் வாத்தியாரு. இன்னொண்ணு, கீரை விக்கிற அம்மா.”

அண்ணாச்சியின் பேச்சில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. கடைக்காரர்களில் யார் முதலில் நிறுத்துகிறாரோ அவருக்கே நஷ்டம். நல்லவருக்குத் தண்டனை கிடைக்கும்படி ஓர் ஏற்பாடு இருந்தால் அது எத்தனை நாள் நிற்கும்? எல்லாக் கடையும் ஒரே நாளில், ஒரே மாதிரி நிறுத்தினால்தான் எதிர்க்கடை என்ற பயம் போகும். தடை வந்த முதல் மாதம் பலித்ததும் அதனால்தான்: அன்று எதிர்க்கடையிலும் கவர் இல்லை.

அயர்லாந்தில் நடந்தது இந்த நியாயத்தை உறுதிப்படுத்துகிறது. அங்கே தடை போடவில்லை. 2002 மார்ச்சில், எந்தக் கடையில் கவர் கேட்டாலும் 15 சென்ட் வரி என்று வைத்தார்கள். வாங்குபவர் தன் கையால் கொடுக்க வேண்டும். கடைக்காரர் ‘நானே தருகிறேன்’ என்று விழுங்கிக்கொள்ளக் கூடாது. அதற்குமுன் ஆளுக்கு ஆண்டுக்கு 328 கவர் பயன்படுத்திக்கொண்டிருந்த நாடு, 21-க்கு இறங்கியது. 15 சென்ட்டால் யாரும் ஏழையாகிவிடவில்லை. ஆனால் கல்லாவில் நின்று, ‘கவர் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு வாய்திறந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. நம் கடையில் அந்தக் கேள்வியே இல்லை. கை தன்னால் மேலே போகிறது.

வங்கதேசத்தில் இதற்கு எதிர்ப்பாடம் இருக்கிறது. 1988, 1998 வெள்ளங்களில் டாக்கா நகரின் வடிகால்களைக் கவர் அடைத்ததைப் பார்த்து, 2002-ல் மெல்லிய பாலித்தீன் பையை உலகிலேயே முதலில் தடைசெய்த நாடு அது. சணலுக்குப் பேர்போன மண். அங்கேயே சில ஆண்டுகளில் கவர் திரும்பிவிட்டது. 2024-ல் மறுபடியும் முதலிலிருந்து தடையை அமல்படுத்தத் தொடங்கினார்கள்.

இந்திய அரசின் விதிகள் வேறு வழியில் போயின. 1999-ல் கவரின் தடிமன் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்றார்கள். 2011-ல் 40, 2016-ல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கவர் தடித்தால் விலை ஏறும், விலை ஏறினால் இலவசமாகக் கொடுக்க மாட்டார்கள், எறிந்தாலும் யாராவது பொறுக்குவார்கள் என்பது இதன் பின்னால் உள்ள கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கடை வாசலில் நின்று மைக்ரானை அளப்பது யார்? அந்த வகையில் தமிழ்நாட்டுச் சட்டம் மேல். அளக்கவே தேவையில்லை, கவர் என்றால் கவர்.

நம் ஊரிலேயே பலித்த இடம் ஒன்று உண்டு. நீலகிரி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு, ‘ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கிப் பிளாஸ்டிக் பைகளை மலையை விட்டு இறக்கினார். நீரூற்றுகளையும் ஓடைகளையும் கவர்கள் அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. மலைக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: மேலே போகும் பாதைகள் சில, ஒவ்வொன்றிலும் சோதனைச் சாவடி. வண்டியை நிறுத்தி, கவரை வாங்கி வைத்துக்கொண்டு, துணிப்பையையோ காகிதப் பையையோ காட்டி அனுப்ப முடியும். ஊட்டிக் கடைகளில் எதிர்க்கடைக்காரர் என்ற பயமும் இல்லை; எல்லாருக்கும் சரக்கு வருவது அதே பாதையில். ஊட்டியில் காய்கறியோ வர்க்கியோ வாங்கிய எவரும் நினைவுபடுத்திப் பாருங்கள், கையில் காகிதப் பைதான் இருந்திருக்கும். மதுக்கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் திட்டமும் 2022-ல் அந்த மலையில்தான் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கு இறங்கியது.

அதே சுப்ரியா சாஹு சுற்றுச்சூழல் துறைச் செயலராக இருந்தபோதுதான் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். 2025-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ விருது சாஹுவுக்குக் கிடைத்தது. மஞ்சப்பைத் திட்டத்தின் குறை நிறைகளைப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் மிகப் பெரிய காரியமாகப் படுவது அந்தப் பெயர். ‘துணிப்பைத் திட்டம்’ என்று வைத்திருக்கலாம். வசைச்சொல்லாக இருந்த ஒன்றை எடுத்து அரசு மேடையில் ஏற்றினார்கள். என் மாமா பெட்டிக்குள் ஒளித்த பையை ஒரு முதல்வர் கையில் தூக்கிக் காட்டினார். மாமா இன்று இல்லை. இருந்திருந்தால் அந்தப் புகைப்படத்தை அவருக்குக் காட்டியிருப்பேன்.

துணி போலத் தெரிவது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இன்று கடைகளில் ‘துணிப்பை’ என்று கொடுப்பதில் பெரும்பகுதி துணி அல்ல. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நெய்த துணியில் குறுக்கும் நெடுக்குமாக இழை தெரியும். இதில் இழையே இருக்காது. புள்ளி புள்ளியாக அழுத்திய தடம்தான் தெரியும். ஓரத்தைப் பிய்த்தால் நூல் வராது, பஞ்சு மாதிரிப் பிரியும். நெருப்புக்கு அருகே கொண்டுபோனால் துணியைப் போலச் சாம்பலாகாமல் சுருங்கி உருகிச் சொட்டும். அது பாலிப்ரொப்பிலீன், முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். தமிழ்நாட்டின் 14 பொருள் பட்டியலில் இந்த நெய்யாத பையும் இருக்கிறது. பால்கனியில் இரண்டு கோடை தொங்கவிட்ட அப்படி ஒரு பையை ஒருநாள் தொட்டேன். விரல் பட்ட இடமெல்லாம் நீலப் பொடியாக உதிர்ந்து காற்றில் போனது. கவராவது கண்ணுக்குத் தெரிகிறது. பொடியை எப்படிப் பொறுக்குவது?

அசல் பருத்திப் பைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பருத்தி தண்ணீர் குடித்து வளரும் பயிர். அதற்கு உரம், மருந்து, ஆலை, சாயம். புவி வெப்பமாதலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை எறியும் மெல்லிய கவரைவிட அது மேல் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 2018-ல் டென்மார்க் அரசின் ஆய்வு, வெப்பமாதலுக்கு 52 முறை என்றும், எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை என்றும் கணக்கிட்டது. பசுவின் வயிறும் அடைபட்ட வடிகாலும் இந்தக் கணக்குகளுக்குள் வரவில்லை என்பது என் வருத்தம். இருந்தாலும் எண்கள் சொல்லும் சேதி மறுக்க முடியாதது. வாரம் ஒரு துணிப்பை வாங்கிக் குவித்தால், கவரை எறிந்தவரைவிட நாம் மண்ணுக்குச் செய்த உபகாரம் ஒன்றும் இல்லை. தென்காசி வீட்டு மஞ்சப்பை 131 முறையை ஒன்றரை வருடத்தில் தாண்டியிருக்கும். அதன் புனிதம் பருத்தியில் இல்லை. ஏழெட்டு வருடம் அது அந்த ஆணியிலேயே தொங்கியதில்தான் இருந்தது.

கோயம்பேடு சந்தையில் 2022 ஜூனில் வைத்த இயந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை விழும். மறந்து வந்தவருக்கு அது நல்ல துணை. ஒவ்வொரு முறையும் மறந்து வருபவருக்கு?

நானும் அப்படி மறந்தவன்தான். சென்ற ஆண்டு ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குள் வந்த கவர்களை எறியாமல் ஒரு வாளியில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணினால் 37. மூன்று பேர் கொண்ட வீடு. அன்று மாலை பரணில் ஏறிப் பார்த்தேன். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சள் பைகள் மட்டும் நாற்பதுக்கு மேல், மடிப்புக் கலையாமல் இருந்தன. மணமக்கள் பெயர், மண்டபம், தேதி. சில தம்பதிகளின் பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். பைகள் ஒருநாள்கூடக் கடைக்குப் போனதில்லை.

வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டேன். “கதவுக்குப் பின்னாடிதானே, அடிச்சுக்கோங்க” என்றார். மூன்று பைகளை மாட்டினோம். முதல் பத்து நாள் நான்கு முறை மறந்து, பாதித் தெருவில் திரும்பி வந்தேன். பிறகு வண்டிப் பெட்டியில் ஒன்று, அலுவலகப் பையில் ஒன்று. மீன் வாங்கத் தூக்குவாளி கொண்டுபோக முதலில் தயக்கமாக இருந்தது. மீன்கார அம்மா வாளியைக் காலியாகத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதிலேயே சங்கராவை அள்ளிப் போட்டார். “கவர் வாங்கவே எனக்கு மாசம் எவ்வளவு போவுது தெரியுமாப்பா” என்றார். இத்தனை வருடமும் அவர் காசில் நான் கவர் வாங்கியிருக்கிறேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பால், தயிர், எண்ணெய் பாக்கெட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மருந்துக்கடையில் நான் வாய்திறப்பதற்குள் மாத்திரை அட்டை கவருக்குள் போய்விடுகிறது. ஆனால் 37 என்பது இப்போது ஏழு, எட்டு. பெரிய வைராக்கியம் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் ஆணி தேவைப்பட்டது.

பரண் பைகளை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. ஒரு காலை முப்பதைக் கட்டி எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். “இதை ஆணியில மாட்டுங்க அண்ணாச்சி. பை இல்லாம வர்றவங்களுக்குக் குடுங்க. காசு வேண்டாம், அடுத்த தடவை வரும்போது கொண்டாரச் சொல்லுங்க.” அவர் பையை விரித்து, மணமக்கள் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, “திரும்பி வரும்ங்கீங்களா தம்பி?” என்று கேட்டார். தெரியாது என்றேன். கவர்க் கட்டைக் கழற்றவில்லை; அதைச் சற்றுத் தள்ளி மாட்டிவிட்டு, கைக்கு எட்டும் இடத்தில் மஞ்சப்பைகளை மாட்டினார்.

மூன்று மாதம் ஆகிறது. சில பைகள் போனவை போனவைதான். சில திரும்பி வந்தன. துவைத்து, இஸ்திரி போட்டே கொண்டுவந்து கொடுத்தார் ஓர் அம்மா. வேறு யாரோ தங்கள் வீட்டுக் கல்யாணப் பைகளையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஆணியில் எனக்குத் தெரியாத பெயர்களும் தொங்குகின்றன. கவர்க் கட்டு முன்பு நாளுக்கு ஒன்று தீரும், இப்போது இரண்டு நாள் ஓடுகிறது என்கிறார் அண்ணாச்சி.

நேற்று மாலை கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். எதிரே அந்த மூன்றாவது மாடி இளைஞரின் வண்டி மெதுவாக வந்தது. கைப்பிடியில் ஒரு மஞ்சப்பை ஆடிக்கொண்டிருந்தது. என் சித்தப்பா மகளின் கல்யாணப் பை. அவள் பெயரும் குற்றாலத்து மண்டபத்தின் பெயரும் மங்கலாகத் தெரிந்தன. மேலே கீரைக் கட்டு எட்டிப் பார்த்தது.